யார் கேட்கும் காகிதம் இது? – ஓ.எஸ். மாற்றிய பின் ஃபோல்டர்களைத் தேடுவதும் அடுக்குவதும்

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. காவிரிப் படுகையில் அது குறுவையை அறுத்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் களத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் காலம். சம்பாப் பயிருக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கி, காப்பீட்டுக்குப் பதிவு செய்யும் வேலையும் அதை ஒட்டியே வரும். அதற்கு வழக்கமான கடைசி நாள் நவம்பர் 15. வீட்டுக் கணினியோ உரக்கடைக் கணினியோ, புது ஓ.எஸ். போட்டுக்கொள்ள இதைவிடத் தோதில்லாத வேளை கிடையாது. ஆனாலும் பலர் போட்டுக்கொண்டார்கள். போட்ட மறுநாள் எழும் புலம்பல் எங்கும் ஒன்றுதான்: டெஸ்க்டாப் வெறுமையாக இருக்கிறது, டாக்குமென்ட்ஸில் ஒன்றுமில்லை, சேர்த்து வைத்ததெல்லாம் போய்விட்டது. பெரும்பாலான நேரங்களில் எதுவும் போயிருக்காது. இருந்த இடத்தின் பெயர் மாறியிருக்கும், அவ்வளவுதான். இந்த அத்தியாயம் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறது. அதோடு ஒரு வாதத்தையும் வைக்கிறது: நம் காகிதங்களை விண்டோஸ் பெயர் வைத்த ஃபோல்டர்களில் வைத்திருக்கும் வரை இந்தப் புலம்பல் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் திரும்ப வரும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் கணினியில் உண்மையில் என்ன செய்யப்பட்டது என்பது. 'ஓ.எஸ். போட்டாச்சு' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. பழைய விண்டோஸின் மேலேயே புதியதை ஏற்றுவது ஒன்று. இதில் கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே இருக்கும். சி டிரைவை அழிக்காமல் அதிலேயே புதிதாக நிறுவுவது இரண்டாவது. இதில் பழைய விண்டோஸும் பயனர் ஃபோல்டர்களும் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டருக்குள் ஒதுக்கி வைக்கப்படும். மூன்றாவது, ஃபார்மட் அடித்துவிட்டுப் போடுவது. இதில் சி டிரைவில் இருந்தது போய்விடும். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்காக இருந்தால் மீட்பு மென்பொருள் கொண்டு ஓரளவு தேடிப் பார்க்கலாம். எஸ்.எஸ்.டி. என்றால் அந்த நம்பிக்கையும் மிகக் குறைவு. அழிக்கப்பட்ட பகுதிகளை அது தானாகவே துடைத்துவிடும். ஆகவே கடைக்காரரிடம் 'என்ன ஆச்சு?' என்று கேட்காதீர்கள். 'ஃபார்மட் அடிச்சீங்களா, மேலேயே ஏத்துனீங்களா?' என்று கேளுங்கள். அந்தப் பதில் வரும் வரை அந்தக் கணினியில் புதிதாக எதையும் இறக்கவோ சேமிக்கவோ வேண்டாம். அழிந்த கோப்பு இருந்த இடத்தில் புதுக் கோப்பு உட்கார்ந்துவிட்டால் மீட்கும் வாய்ப்பும் போய்விடும்.

ஃபார்மட் அடிக்கவில்லை என்றால் தேடல் எளிது. 'திஸ் பிசி'யைத் திறந்து சி டிரைவுக்குள் 'யூசர்ஸ்' என்ற ஃபோல்டருக்குப் போங்கள். அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. விண்டோஸ் 11ஐப் புதிதாக நிறுவும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், மின்னஞ்சல் முகவரியின் முதல் ஐந்து எழுத்துகளையே பயனர் ஃபோல்டரின் பெயராக வைத்துவிடும். உங்கள் பெயர் இல்லையே என்று அந்த ஃபோல்டரைத் தாண்டிப் போகாதீர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் இருக்கும். எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். அதே பெயர் ஃபோல்டருக்குள் 'ஒன்டிரைவ்' (மைக்ரோசாஃப்டின் மேகச் சேமிப்பு) என்ற இன்னொரு ஃபோல்டர் இருந்தால் அதற்குள்ளும் ஒரு டெஸ்க்டாப், ஒரு டாக்குமென்ட்ஸ் இருக்கக்கூடும். அடுத்தது விண்டோஸ்.ஓல்டு. அதற்குள் பழைய 'யூசர்ஸ்' முழுதாக இருக்கும். இதில் மட்டும் அவசரம் உண்டு: வழக்கமாக 10 நாளில் விண்டோஸே அதை அழித்துவிடும். 'இடம் அடைக்குது' என்று சொல்லி டிஸ்க் கிளீனப் ஓட்டும் பழக்கமுள்ள கடைக்காரர் பத்து நாள்கூடக் காத்திருக்க மாட்டார். ஆக, முதல் நாளே அதிலிருந்து தேவையானதைப் பென்டிரைவுக்கோ வெளி ஹார்டு டிஸ்க்குக்கோ நகல் எடுத்துவிட வேண்டும். 'கட்' வேண்டாம், 'காப்பி' போதும். டேலி கணக்கு மென்பொருள் வைத்திருக்கும் கடைகளும் அரிசி ஆலைகளும் 'யூசர்ஸ்' உள்ளேயே 'பப்ளிக்' என்ற ஃபோல்டரையும் பார்க்க வேண்டும். நிறுவும்போது வேறு இடம் கொடுக்காவிட்டால் கணக்குத் தரவு பெரும்பாலும் அங்கேதான் குடியிருக்கும்.

ஓரிடத்தில் தேடினால் போதும் என்றில்லாமல் இத்தனை இடங்களில் தேட வேண்டியிருப்பது ஏன்? அந்த ஃபோல்டர்களுக்குப் பெயர் வைத்ததும் இடம் கொடுத்ததும் விண்டோஸ். அதற்குத் தேவைப்படும்போதெல்லாம் இரண்டையும் மாற்றும். எக்ஸ்பி காலத்தில் நம் கோப்புகள் 'டாக்குமென்ட்ஸ் அண்டு செட்டிங்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் 'மை டாக்குமென்ட்ஸ்' என்று இருந்தன. விஸ்டா வந்ததும் அது 'யூசர்ஸ்' ஆனது. பிறகு ஒன்டிரைவ் வந்து, பேக்கப்பை இயக்கியவர்களின் டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் தன் ஃபோல்டருக்குள் நகர்த்திக்கொண்டது. அந்த பேக்கப்பை நிறுத்தினால் கோப்புகள் ஒன்டிரைவ் ஃபோல்டரிலேயே தங்கிவிட, டாக்குமென்ட்ஸ் காலியாகத் தெரிந்து பயந்தவர்கள் ஏராளம். 2020 பிப்ரவரியில் வந்த ஒரு விண்டோஸ் 10 அப்டேட்டுக்குப் பிறகு சிலருக்குத் தற்காலிகப் பயனர் கணக்கு திறந்துகொண்டு வெறும் டெஸ்க்டாப்பே காட்சி தந்தது; அவர்களுடைய உண்மையான ஃபோல்டர் 'யூசர்ஸ்' உள்ளே வால் ஒட்டிய பெயரோடு பத்திரமாக இருந்தது. இவை எல்லாவற்றிலும் நடந்தது இடமாற்றம்தான்.

இதைக் கேட்டதும் நம் ஊர்க் கணினிக் கடைகளில் பழகியவர்கள் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு: 'அதுக்குத்தானே டி டிரைவ் இருக்கு?' நியாயமான மறுப்பு. கணினியைப் பூட்டித் தரும்போதே ஹார்டு டிஸ்க்கை சி, டி, இ என்று பிரித்துத் தரும் வழக்கம் இங்கே நீண்ட காலமாக உண்டு. ஃபார்மட் அடித்தாலும் டி தப்பித்தது. நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, டி என்பது தனி டிஸ்க் அல்ல, ஒரே டிஸ்க்கின் இன்னொரு பகுதி. டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். இரண்டாவது, இப்போது வாங்கும் லேப்டாப்கள் பலவற்றில் சி மட்டுமே இருக்கிறது. 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'டில் சி-யைச் சுருக்கி டி-யை உருவாக்கலாம். புது லேப்டாப்பில் கோப்புகள் சேரும் முன்பே அதைச் செய்துவிடுங்கள். மூன்றாவது எச்சரிக்கைக்கு ஆதாரம் 2018 அக்டோபர் அப்டேட். அக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10இன் அந்தப் பதிப்பு சிலருடைய கோப்புகளை நிஜமாகவே அழித்தது. மைக்ரோசாஃப்ட் சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்று நவம்பரில்தான் மறுபடி வெளியிட்டது. சிக்கியவர்களில் முக்கியமானவர்கள் யார் தெரியுமா? முன்யோசனையோடு டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரின் முகவரியை வேறு டிரைவுக்குத் திருப்பிவிட்டு, பழைய இடத்திலும் சில கோப்புகளை விட்டு வைத்தவர்கள். பழைய இடம் காலியான எச்சம் என்று எண்ணி அப்டேட் அதைத் துடைத்தது. இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு, டி டிரைவ் வேண்டாம் என்பதல்ல. விண்டோஸின் ஃபோல்டருக்கு முகவரி மாற்றிக் கொடுக்காதீர்கள். டி-யில் உங்கள் பெயரிலோ குடும்பப் பெயரிலோ சொந்தமாக ஒரு ஃபோல்டர் திறந்து, கோப்புகளை முழுதாக அங்கே கொண்டுபோய் விடுங்கள். விண்டோஸுக்கு அது உங்கள் ஃபோல்டர் என்பதே தெரியாது. தெரியாததை அது நகர்த்தவும் நகர்த்தாது.

லினக்ஸுக்குப் போனவர்களுக்கும் ஒரு வார்த்தை. அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் பல விண்டோஸ் 11 கேட்கும் தகுதிக்கு எட்டாதவை. அது 64 ஜிபி இடமும் 4 ஜிபி ரேமும் போதாதென்று டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் கேட்கிறது. அதனால் பழைய மடிக்கணினிக்கு லினக்ஸ் நல்ல வழி. அங்கே எல்லாம் 'ஹோம்' ஃபோல்டருக்குள் இருக்கும். மொழியைத் தமிழுக்கு மாற்றினால் ஃபோல்டர் பெயர்களையும் தமிழாக்கவா என்று கேட்கும். சம்மதித்தால் தமிழ்ப் பெயரில் புது ஃபோல்டர்கள் முளைக்கும், கோப்புகள் பழைய ஆங்கிலப் பெயர் ஃபோல்டரிலேயே கிடக்கும். அதே கதைதான்.

காணாமல் போகாமலே காணாமல் போனதாகத் தோன்றும் இன்னொரு வகை, கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் அழைப்பிதழும் நோட்டீசும் அடித்துத் தரும் டி.டி.பி. கடைகளுக்கு நன்றாகத் தெரியும். யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் அடித்த பேஜ்மேக்கர் கோப்போ வேர்டு கோப்போ புது ஓ.எஸ்.ஸில் திறக்கும்போது ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். கோப்பு கெடவில்லை. அதை அடித்த எழுத்துருதான் புது விண்டோஸில் இல்லை. விண்டோஸ்.ஓல்டு இன்னும் இருந்தால் அதற்குள் 'விண்டோஸ்', அதற்குள் 'ஃபான்ட்ஸ்' என்று போய்ப் பழைய எழுத்துருக்களை எடுத்து மறுபடி நிறுவினால் எழுத்து திரும்பிவிடும். பத்து நாள் கெடு இதற்கும் உண்டு. தமிழக அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் அதற்கு முன்னும் பின்னும் பழைய குறியாக்கத்தில் அடித்து வைத்தவை வீடுகளிலும் கடைகளிலும் நிறைய இருக்கின்றன. எழுத்துருக்களை ஒரு ஃபோல்டரில் நகலெடுத்து உங்கள் ஆவணங்களோடேயே வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒவ்வொரு முக்கியக் கோப்புக்கும் ஒரு பிடிஎஃப் எடுத்து வையுங்கள். எழுத்துரு உள்ளே பொதிந்த பிடிஎஃப் எந்தக் கணினியிலும் தமிழாகவே திறக்கும்.

கண்டுபிடித்தாயிற்று, இனி அடுக்க வேண்டும். இங்கேதான் விண்டோஸ் தரும் வகைப்பாட்டை நான் முழுதாக மறுக்கிறேன். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் என்ற பிரிவு, கோப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்பதை வைத்துச் செய்தது. ஆனால் காகிதத்தை நாம் தேடுவது அதன் வகைக்காக அல்ல, யாரோ கேட்பதற்காக. சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு செய்யும்போது அடங்கல் ஸ்கேன் ஒரு பிடிஎஃப், ஆதாரும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கமும் படங்கள், எந்தப் புல எண்ணில் எவ்வளவு என்ற கணக்கு ஒரு எக்செல். மழையில் பயிர் சாய்ந்தால் எடுக்கும் படங்களும் வீடியோவும் வேறு. விண்டோஸின் ஒழுங்குப்படி வைத்தால் ஒரே விண்ணப்பத்துக்கான காகிதங்கள் மூன்று ஃபோல்டர்களில் சிதறிக் கிடக்கும். ஆகவே மேல்மட்ட ஃபோல்டரைக் கேட்பவரை வைத்துப் பிரியுங்கள்: வருவாய்த் துறைக்கும் பதிவுத் துறைக்கும் 'நிலம்', காப்பீட்டுக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் 'பயிர்', கூட்டுறவுச் சங்கத்துக்கும் வங்கிக்கும் 'கடன்', பள்ளி கல்லூரிக்குப் பிள்ளைகளின் பெயர்கள். யாரும் கேட்காத, ஆனால் நாம் இழக்க விரும்பாத குடும்பப் படங்களுக்குத் தனியாக ஒன்று. இதற்குமேல் மேல்மட்டத்தில் பத்து ஃபோல்டர் வைத்தால் எதை எங்கே வைப்பது என்ற குழப்பமே மிஞ்சும்.

அடுத்த மட்டம் ஆண்டு. எந்த ஆண்டு? இதிலும் கேட்பவரின் ஆண்டையே வைக்க வேண்டும். கிராமக் கணக்கு ஓடுவது பசலியில். ஜமாபந்தி நடப்பதும் பசலிக்கு. ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும் பசலி, ஜூலை முதல் டிசம்பர் வரை ஆங்கில ஆண்டில் 590ஐயும் ஜனவரி முதல் ஜூன் வரை 591ஐயும் கழித்தால் வரும். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை பசலி 1435. அடங்கல் அந்த எண்ணோடுதான் வருகிறது. உங்கள் ஃபோல்டரும் அந்த எண்ணையே தாங்கட்டும். 'பயிர்' உள்ளே '1435', அதற்குள் குறுவை, சம்பா, தாளடி. தமிழ் அகர வரிசைப்படி அடுக்கினாலும் இந்த மூன்றும் பருவ வரிசையிலேயே வந்து நிற்கின்றன. எண் போட வேண்டிய அவசியமே இல்லை. ஒரு சிக்கல் உண்டு. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்தால் குறுவை நாற்றங்கால் பழைய பசலியின் கடைசி நாள்களில் தொடங்கிவிடும். அறுப்பு எந்தப் பசலியில் விழுகிறதோ அதில் வையுங்கள். நெல்லுக்கான பணமும் காப்பீட்டு இழப்பீடும் அதைத் தொடர்ந்துதான் வரும். கடனுக்கும் கடைக் கணக்குக்கும் ஏப்ரல் முதல் மார்ச், பிள்ளைகளுக்குக் கல்வி ஆண்டு. மூன்று நாட்காட்டிகளை ஒரே வீட்டில் வைத்தால் குழம்பாதா என்று கேட்கலாம். கேட்பவர்கள் மூவரும் மூன்று நாட்காட்டியில்தான் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் ஜனவரி முதல் டிசம்பர் என்று நேராக்கினால் ஒரே சம்பா இரண்டு ஃபோல்டரில் பிளந்து நிற்கும்.

'இவ்வளவு எதற்கு? தேடல் பெட்டியில் பெயரை அடித்தால் வந்துவிடுமே' என்பது இளையவர்களின் மறுப்பு. பெயரோ உள்ளே எழுத்தோ இருந்தால் வரும். ஸ்கேனரும் வாட்ஸ்அப்பும் வைக்கும் பெயர்களில் இருப்பவை எண்களும் தேதியும்தான். அடங்கல் என்று அடித்தால் அவை வராது. ஸ்கேன் செய்த பக்கம் ஒரு படம், அதற்குள் தேடலுக்கு எழுத்தே இல்லை. பழைய குறியாக்கத்தில் அடித்த தமிழ்க் கோப்புகளை யூனிகோடில் தேடினால் கிடைக்காது. தேடல் பயன்படும் இடம் ஒன்று உண்டு: ஓ.எஸ். மாற்றிய உடனே, முழு டிரைவிலும் நட்சத்திரக் குறி, புள்ளி, பிடிஎஃப் என்ற ஆங்கில எழுத்துகள் மூன்றையும் அடித்து எல்லா பிடிஎஃப்களையும் வெளியே கொண்டுவருவது. அப்போது வரிசைப்படுத்த 'டேட் கிரியேட்டட்' உதவாது. நகலெடுத்த அன்றைக்கே எல்லாம் பிறந்ததாக அது காட்டும். 'டேட் மாடிஃபைடு' பெரும்பாலும் மாறாமல் இருக்கும். படங்களுக்கு 'டேட் டேக்கன்' இன்னும் நம்பகமானது. வெள்ளச் சேதத்துக்கு எடுத்த படங்களுக்கு இந்தத் தேதி முக்கியம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரம் உரிந்துபோகும். செல்போனிலிருந்து கேபிள் வழியாகவே ஏற்றுங்கள்.

பெயரைத் தமிழில் வைக்கலாமா? தாராளமாக. விண்டோஸின் கோப்பு முறை யூனிகோடை ஏற்கும். ஆனால் இரண்டு கட்டுப்பாடுகள். ஃபோல்டர், உள்ஃபோல்டர், கோப்புப் பெயர் எல்லாம் சேர்ந்து 260 எழுத்துகளைத் தாண்டினால் பல மென்பொருள்கள் கோப்பைத் திறக்காது. கணினி புள்ளியையும் துணைக்குறியையும் தனி எழுத்தாகவே எண்ணுகிறது. 'கொள்முதல்' நம் கண்ணுக்கு ஐந்தெழுத்து, கணினிக்கு ஒன்பது. ஆகவே நீண்ட வாக்கியமாகப் பெயர் வைக்காதீர்கள். '1435 சம்பா அடங்கல்' போதும். இணையத்தில் விண்ணப்பிக்கும்போது பல தளங்கள் தமிழ்ப் பெயரையோ இடைவெளியையோ ஏற்காது. அப்போது ஆங்கிலப் பெயரில் ஒரு நகல் எடுத்து ஏற்றிவிட்டு, அந்த நகலை அழித்துவிடலாம். அரசுத் தளத்துக்காக வீட்டு ஒழுங்கை மாற்ற வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் ஒரே அக்கறையோடு காக்க வேண்டியதும் இல்லை. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை இணையத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். மூலப்பத்திரத்தின் ஸ்கேன், அலுவலர் கையெழுத்திட்ட அடங்கல், சேதப் படங்கள், இறந்தவர்களின் புகைப்படங்கள் போன்றவை மறுபடி கிடைக்காது. முதல் நகல் இவற்றுக்குத்தான். மேகத்தில் வைத்தால் போதாதா என்ற கேள்விக்குப் பதில்: வைக்கலாம், ஆனால் அது மட்டும் போதாது. ஒன்டிரைவ் இலவசமாகத் தருவது 5 ஜிபி. ஒரு கல்யாண வீடியோவே அதை நிரப்பிவிடும். அங்கே இருப்பது ஒத்திசைவு என்பதால், கணினியில் அழித்தால் மேகத்திலும் அழியும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்த பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் பல நாள்களும் சில ஊர்களில் வாரக்கணக்கிலும் மின்சாரம் இல்லை. இணையமும் இல்லாத அந்த நாள்களில்தான் நிவாரணத்துக்குக் காகிதம் தேவைப்பட்டது. ஒரு வெளி டிஸ்க், வேறொரு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் இன்னொன்று, முக்கியமானவற்றுக்கு அச்செடுத்த தாள் ஆகிய மூன்றும் இருந்தால் மேகம் நான்காவதாக இருக்கட்டும்.

இன்னும் ஓ.எஸ். மாற்றாதவர்கள் அதை மார்ச், ஏப்ரலில் வைத்துக்கொள்ளுங்கள்; தாளடி முடிந்திருக்கும், குறுவை தொடங்கியிருக்காது, ஜமாபந்தியும் வந்திருக்காது. விண்டோஸ் 10க்கு மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறும் நீட்டிப்புத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை இருப்பதால் அவசரமும் இல்லை. கடையில் கொடுக்கும்போது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: புது விண்டோஸில் நுழையும் மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்க வேண்டும். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் டிஸ்க்கை அது தானாகவே பூட்டிக்கொள்ளும், டி-யும் பூட்டப்படலாம். 48 இலக்கத் திறவு எண் எந்தக் கணக்கில் நுழைந்தார்களோ அந்தக் கணக்குக்குப் போகும். கடைக்காரர் அவசரத்துக்குத் தன் மின்னஞ்சலைப் போட்டிருந்தால் உங்கள் நிலப் பத்திரத்தின் சாவி அவரிடம் இருக்கும். கணினியைக் கடையிலிருந்து திரும்ப வாங்கும் முன் அந்த எண்ணைத் திரையில் வரவழைத்து, தாளில் எழுதி, பத்திரங்களோடு பீரோவில் வையுங்கள்.